ஒரு நிமிடம் நாற்பது வினாடி

நவம்பர் 17, ஞாயிறு

இந்தப் போனை ஏதாவது செய்தாக வேண்டும். எந்த வீடியோவைப் போட்டாலும் விட்டு விட்டு ஓடுகிறது. ஆள் கையைத் தூக்குவது தெரிகிறது, அப்படியே உறைந்து நிற்கிறது, அடுத்த கணம் கை மடியில் கிடக்கிறது. நடுவில் என்ன நடந்தது என்று தெரிவதில்லை.

சமையல் வீடியோ என்றால் பரவாயில்லை. காலையில் அருமை ஒன்று அனுப்பியிருந்தான். ஒரு நிமிடம் நாற்பது வினாடி. என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அவன் பேசுவதெல்லாம் கையால்தான். பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறான். நான் கல்யாணமாகிக் கரூருக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. மற்ற அக்கா தம்பிகள் போனில் பேசிக்கொள்வார்கள். எங்களுக்கு வீடியோதான்.

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். இடது தோளிலிருந்து பின்னல் இறங்குவது போல விரலை இழுத்தான். அது என் பெயர். சின்ன வயதில் அவனாக வைத்தது. பிறகு ‘வா’ என்றான். அங்கே நின்றுபோனது. மறுபடி ஓடியபோது எட்டு விரல் காட்டிக்கொண்டிருந்தான். பிறகு மறுபடி நின்று, கடைசியில் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தான்.

வருடா வருடம் எங்கள் ஆசிரியர் அறைக்குக் கிறிஸ்துமஸ் கேக் அனுப்புவான். இந்த முறை எட்டு போதுமா என்று கேட்கிறான் போல. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் பதிலாக அனுப்பினேன். உடனே நீல டிக் விழுந்தது.

ஒன்பதாம் வகுப்பு இலக்கண விடைத்தாள்கள் இன்னும் நாற்பது இருக்கின்றன.

நவம்பர் 19, செவ்வாய்

இயற்பியல் கௌசல்யா டீச்சரிடம் போனைக் காட்டினேன்.

“இடமே இல்லியே டீச்சர். போன் மூச்சுமுட்டிப் போயிக் கெடக்குது. குட் மார்னிங் படமெல்லாம் எதுக்கு வெச்சிருக்கீங்க?”

மதிய இடைவேளை முழுக்க அழித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்கும் மேல். ரோஜாப்பூக்கள், வேத வசனங்கள், பள்ளிக் குழுவின் சுற்றறிக்கைகள். அருமை அனுப்பிய வீடியோக்களை அழிக்க மனம் வரவில்லை. அவற்றை மட்டும் மெமரி கார்டுக்கு நகர்த்திவிட்டேன். டீச்சர் கேச் என்று ஏதோ ஒன்றையும் அழித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். முன்பைவிட மோசம்.

நவம்பர் 20, புதன்

சாம்ராஜ் ‘அணைச்சுட்டுத் திரும்பப் போடு’ என்றார். கணவர்மார்களுக்கு எல்லாக் கோளாறுக்கும் இது ஒன்றுதான் தெரியும். சரியாகவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

அருமையிடமிருந்து இன்னொரு வீடியோ. வெளிர்நீலத்தில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, முன்னும் பின்னும் திரும்பிக் காட்டுகிறான். முடி வெட்டியிருக்கிறான். நாற்பது வயதை நெருங்குகிறவன், பரிசு வாங்கின பிள்ளை மாதிரி நிற்கிறான். கிறிஸ்துமஸ் சட்டையை இந்த வருடம் சீக்கிரமே எடுத்துவிட்டான் போலிருக்கிறது. கைப்பேச்சும் இருந்தது. அது வழக்கம்போலத் திக்கித் திக்கி ஓடியது. மறுபடி எட்டு. மறுபடி என் பெயர்.

‘சூப்பர்’ என்று ஒரு படம் அனுப்பினேன்.

சற்று நேரத்தில் வீடியோ கால் செய்தான். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், எடுக்கவில்லை. எடுத்தாலும் இந்தப் போனில் ஒன்றும் தெரியப்போவதில்லை.

எழுதி அனுப்பினால் எவ்வளவு சுலபம். எட்டாம் வகுப்பு வரை படித்தவன்தான். முன்பெல்லாம் எழுதிக்கொண்டுதான் இருந்தான். ஏனோ நிறுத்திவிட்டான்.

நவம்பர் 27, புதன்

பவர் சேவரை அணைத்துப் பார்த்தேன். ஆப்பை அப்டேட் செய்தேன். வைஃபை பெட்டியைக் கூடத்தில் இருந்து படுக்கையறைக்கு மாற்றினேன். போனில் ஏற்கெனவே இறங்கிவிட்ட வீடியோவுக்கு வைஃபை எதற்கு என்று சாம்ராஜ் சிரித்தார். மாலை முழுக்க இதிலேயே போயிற்று. இட்லிக்கு ஊறப்போடவும் மறந்துவிட்டேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

ஜவஹர் பஜாரில் இஸ்மாயில் என்பவரின் கடைக்குப் போனேன். என் வயதுதான் இருக்கும். கழற்றாமலேயே கண்டுபிடித்துவிட்டார்.

“போன்ல தப்பில்லீங்க்கா. இந்த வீடியோவெல்லாம் மெமரி கார்டுல தூக்கிப் போட்டு வெச்சிருக்கீங்க. கார்டு ரொம்பப் பழசு. அதுலருந்து எடுத்துக் குடுக்கறதுக்குள்ள ஆளு இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போயிடறாரு.”

“கார்டுக்கு மாத்தறதுக்கு முன்னாடியும் இப்படித்தான் இருந்துச்சு.”

“அப்ப உள்ள எடமே இல்லாம இருந்திருக்கும். இப்பத்தான் காலி பண்ணிட்டீங்கல்ல.”

எல்லாவற்றையும் போனுக்கே திருப்பிப் போட்டார். பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஏழெட்டு ஆப்களை நிறுத்தினார். அருமையின் வீடியோவைத் தட்டினார். ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் முழுதாகப் பார்த்தோம்.

“நல்லாப் பேசறாருங்க்கா. என்ன சொல்றாரு?” என்றார் இஸ்மாயில்.

“கிறிஸ்துமஸ் கேக்கப் பத்தி” என்றேன்.

டிசம்பர் 4, புதன்

போன் சரியாகிவிட்டது. இப்போது தொந்தரவெல்லாம் அருமையின் வேகம்தான். அவன் நண்பர்களோடு பேசிப் பேசிப் புதிது புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கிறான். வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் போட்டுப் பார்த்தேன். கைகள் தண்ணீருக்குள் அசைவதுபோல மெதுவாக அசைந்தன. இரண்டு கைகளையும் கழுத்திலிருந்து நெஞ்சுவரை இறக்கி ஏதோ சொல்கிறான். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது.

கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்பே சரி என்று கட்டைவிரல் காட்டிவிட்டு, இப்போது போய் என்ன சொன்னாய் என்று எப்படிக் கேட்பது? கேக்தானே. வந்தால் தெரிந்துவிடும்.

அரையாண்டுத் தேர்வு வினாத்தாள் கட்டுகள் வந்திருக்கின்றன. எண்ணிப் பூட்டி வைத்தேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து நாத்தனார் வீட்டுக்குப் போனோம். அவர்கள் மகனுக்குச் சென்னையில் வேலை கிடைத்ததற்கு விருந்து. பிரியாணி நன்றாக இருந்தது. அருமை மூன்று முறை வீடியோ கால் செய்திருந்தான். சர்ச்சில் இருந்ததால் எடுக்க முடியவில்லை.

சாயங்காலம் திருப்பிக் கூப்பிட்டேன். அவன் எடுக்கவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

அருமையிடமிருந்து ஒன்றும் இல்லை. கிறிஸ்துமஸ் நேரம், அடுப்படியை விட்டு நகர முடியாதுதான்.

டிசம்பர் 13, வெள்ளி

தேர்வறையிலிருந்து வெளியே வந்ததும் ரூபி அக்காவின் அழைப்பு. அருமை வேலை பார்க்கும் பேக்கரியின் முதலாளியம்மா. எங்கள் அம்மாவோடு ஒரே சர்ச்சில் பாடியவர்.

“ஜெபா, நான் ரூபி பேசுதேன். அன்னைக்கு ஒனக்கு என்ன தலபோற சோலி?”

“என்னைக்குக்கா?”

“என்னைக்கா? எட்டாந்தேதி. அருமைக்குப் பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு.”

“பொண்ணு பாக்கவா?” என்றேன்.

“சாத்தான்குளத்துப் பிள்ள. பிரின்சின்னு பேரு. அவளுக்கும் காது கேக்காது, தையல் சொல்லிக் குடுக்கா. ஸ்கூல்ல இருந்தே ரெண்டுக்கும் பழக்கம். அவ அப்பா, வீட்டுப் பெரியவங்க யாராவது வந்து பேசட்டும்னு ஒரே பிடியா நின்னுட்டாவ. நானும் எங்க வீட்டுக்காரரும் வாரோம்னுதான் சொன்னோம். வேண்டாம், எங்க அக்கா வாரா, டீச்சர்னு கையக் காட்டிச் சொல்லிட்டு நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னான் பிள்ள. நீ கட்டவிரலு அனுப்பியிருந்தியே, அதக் கடையில ஒவ்வொருத்தனுக்கா கொண்டுபோயி காட்டுனான்.”

மணி அடித்தது. போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

“ஒத்தையில போயி உக்காந்திருக்கான். அக்கா வாரா, அக்கா வாரான்னு மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் கையக் காட்டிக்கிட்டே இருந்திருக்கான். ஒனக்குப் போன் போட்டதும் நீ எடுக்காததும் அவங்க முன்னாலதான். கடைசில அந்தப் பிள்ளையோட அப்பா, கூடப் பொறந்தவளே வரலன்னா நாளைக்கு எம்பொண்ணுக்கு ஒண்ணுன்னா யாரு வந்து நிப்பான்னு கேட்டுட்டாவ. அவனுக்கு அது காதுல விழல. ஆனா மொகத்தப் பாத்தாத் தெரியாதா?”

“போன் சரியில்லக்கா. வீடியோ சரியா ஓடல” என்றேன்.

“அப்படியா? அதச் சொல்லியிருந்தா நான் போயிருப்பனே பிள்ள” என்றார் ரூபி அக்கா.

டிசம்பர் 14, சனி

நேற்று ரூபி அக்காவிடம் சொன்னது பொய். போன் மூன்றாம் தேதியே சரியாகிவிட்டது. ஐந்து நாள் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எட்டாம் தேதி எழுதியதும் முழு உண்மை இல்லை. முதல் இரண்டு அழைப்புகள் வந்தபோதுதான் சர்ச்சில் இருந்தேன். மூன்றாவது நாத்தனார் வீட்டுப் பந்தியில் வந்தது. இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அருமையின் முகம் திரையில் வந்து வந்து போனது. எதிரே அவர்கள் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். எடுத்தால் அவன் கையைக் காட்டுவான். எனக்குப் புரியாது. எல்லோர் முன்பும் நான் விழித்துக்கொண்டு நிற்க வேண்டும். போனைக் கவிழ்த்து வைத்தேன். நாத்தனார் ‘யாரு?’ என்றார். ‘ஸ்கூல்ல இருந்து’ என்றேன்.

எனக்கு அவன் பேச்சு மறந்துவிட்டது. போனில் கோளாறு வருவதற்கு முன்பே மறந்துவிட்டது. எப்போது என்றும் தெரியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மா நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் சிரித்துக்கொண்டு தலையாட்டுவேன். அம்மா போய் இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து தலையாட்டுவது மட்டும்தான் மிச்சம்.

அவன் ஏன் எழுதுவதை நிறுத்தினான் என்பதும் எனக்குத் தெரியும். அந்தச் செய்தியை இன்று தேடி எடுத்தேன். அம்மா போன மூன்றாவது மாதம் வந்தது:

‘அக்கா நான் நேற்று அம்மா கல்லறை போனது பூ வைத்தது அழுதது.’

அதற்கு நான் அனுப்பிய பதில் கீழேயே இருக்கிறது:

‘அப்படி எழுதக் கூடாது அருமை. நேற்று அம்மாவின் கல்லறைக்குப் போனேன், பூ வைத்தேன், அழுதேன். இப்படி எழுத வேண்டும்.’

அவன் நன்மைக்குத்தான் சொல்கிறேன் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கை தானாகத் திருத்திவிட்டது. அதற்குப் பிறகு அவன் ஒரு வரிகூட எழுதவில்லை.

முதல் வீடியோவை மறுபடி போட்டேன். விஷயம் தெரிந்துவிட்டதால் இப்போது ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது. கழுத்திலிருந்து நெஞ்சுவரை இரண்டு கை. மாலை. என் கல்யாணத்தின்போது அவனுக்குப் புரியவைக்க அம்மா கண்டுபிடித்தது. அக்கா, வா. எனக்கு மாலை. எட்டாம் தேதி. அம்மா இல்லை. நீ வா. நெஞ்சில் கை. அவ்வளவுதான். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும்.

டிசம்பர் 15, ஞாயிறு

‘என்னை மன்னித்துவிடு’ என்று எழுதி அனுப்பினேன். பார்த்துவிட்டான். பதில் இல்லை.

வீடியோவாக அனுப்பலாம் என்று போனைப் புத்தக அடுக்கில் சாய்த்துவைத்து முன்னால் நின்றேன். என் கைக்குத் தெரிந்தவை: சாப்பாடு, தூக்கம், வா, போ, மழை, அம்மா. மன்னிப்புக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பதினொரு வினாடி சும்மா நின்றது பதிவாகியிருந்தது. அழித்துவிட்டேன்.

சாம்ராஜ் கதவருகே நின்று பார்த்திருக்கிறார். “போன்ல பண்ற வேலையா இது ஜெபா? நேர்ல போ” என்றார்.

தேர்வறைப் பணி இருபதாம் தேதி வரை இருக்கிறது என்றேன். இதற்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 21, சனி

பாளையங்கோட்டை. மதியம் வந்து சேர்ந்தேன். பேக்கரி வாசலில் கூட்டம் தெருவரை நின்றது. பின்பக்கம் போனேன். அருமை தட்டுத் தட்டாக கேக்கை வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நின்றான். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். உட்கார் என்று கையால் தட்டினான். டம்ளர் பிடிப்பதுபோல் காட்டி, புருவத்தைத் தூக்கினான். டீயா? ஆமாம் என்றேன். வயிற்றைத் தொட்டான். சாப்பிட்டாச்சா? பஸ்ஸா, ரயிலா? எல்லாம் ஒவ்வொன்றாக, பெரிது பெரிதாக, நிறுத்தி நிறுத்தி.

ஒரு பெண் முன்பக்கத்திலிருந்து எட்டிப்பார்த்து பிளம் கேக் இருக்கிறதா என்று கேட்டாள். அவன் அவளுக்கும் அதேபோலத்தான் காட்டினான். பெரிதாக, நிறுத்தி, புருவத்தைத் தூக்கி. காது கேட்கிற ஆட்களிடம் அவன் பேசும் முறை அது. என்னையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டான்.

கேக் பெட்டியின் அட்டை ஒன்றை எடுத்து எழுதினேன். ‘அருமை, எனக்கு உன் பேச்சு மறந்துவிட்டது. புரியாமலே சரி என்று சொன்னேன். பிறகு போன் மேல் பழி போட்டேன். தப்பு முழுக்க என்னுடையது.’

வாங்கி வெகுநேரம் படித்தான். இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டான்.

“இன்னைக்கு அவன்கிட்ட ஒண்ணும் நடக்காது. வா, வீட்டுக்குப் போவோம்” என்று ரூபி அக்கா என் பையைத் தூக்கிக்கொண்டார்.

டிசம்பர் 22, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. ரூபி அக்காவிடம் விலாசம் வாங்கிக்கொண்டு சாத்தான்குளம் பஸ் ஏறினேன். அருமையிடம் சொல்லவில்லை.

பிரின்சியின் அப்பா பால்ராஜ் அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தார். வெள்ளை வேட்டி. நான் யாரென்று சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க டீச்சர். இவ்வளவு தூரம் வந்திருக்கிய.”

“அன்னைக்கு நான் வராதது என் தப்பு. அவன் கூப்பிட்டிருந்தான். எனக்குத்தான் அவன் சொன்னது புரியல. அதக் கேக்காம விட்டுட்டேன். அவன் மேல ஒரு குறையும் இல்ல.”

“பையன் மேல நானும் ஒண்ணும் குறை சொல்லல. நல்ல பையன்தான்.” வேட்டி மடிப்பை இழுத்துவிட்டார். “நாகர்கோவில்ல ஒரு இடம் முன்னாலயே கேட்டுக்கிட்டு இருந்தாவ. போன புதன்கெழமை பேசி முடிச்சிட்டோம். ஜனவரியில நிச்சயம். தப்பா நெனைக்காதிய.”

புதன்கிழமை. பதினெட்டாம் தேதி. நான் ஏழாம் வகுப்புத் தேர்வறையில் உட்கார்ந்திருந்தேன். சாம்ராஜ் சொன்ன அன்றே வந்திருந்தால் என்று நினைத்தேன். பால்ராஜிடம் அதைக் கேட்கவில்லை.

பிரின்சி தண்ணீர் கொண்டுவந்தாள். மெலிந்த பெண், கழுத்தில் அளவெடுக்கும் டேப் தொங்கியது. நான் அருமையின் அக்கா என்று அவள் அப்பா ஏதோ காட்டிச் சொன்னார். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு அவள் என் முன்னால் நேராக நின்றாள். கையால் ஒன்று சொன்னாள். நான்கைந்து அசைவுகள், அவ்வளவுதான்.

எனக்குப் புரியவில்லை. இந்தத் தடவை தலையாட்டவில்லை. டம்ளரைக் கீழே வைத்தேன். புரியவில்லை என்று கையை விரித்தேன். மறுபடி சொல் என்று ஒரு விரலைக் காட்டினேன்.

மறுபடி சொன்னாள். நான் அவள் அப்பாவைப் பார்த்தேன்.

“எனக்கும் அவ கையி பாதிதான் வெளங்கும் டீச்சர்” என்றார் அவர், வாசலைப் பார்த்துக்கொண்டு.

மூன்றாவது முறை அவள் சொல்லும்போது நானும் என் கையால் கூடவே செய்தேன். வலது கை விரல்களைக் குவித்து நெற்றியோரம். அங்கிருந்து முன்னால் விரித்து. இடது உள்ளங்கைமேல் வலது முட்டி. பிறகு இரண்டு கையும் மெதுவாகப் பிரிந்து, வலது கை மட்டும் நெஞ்சுக்குத் திரும்பியது. நான் செய்ததைப் பார்த்து அவள் தலையசைத்தாள். கண் கலங்கியிருந்தது. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் செய்துகொண்டே வந்தேன். நெற்றியோரம், முன்னால், முட்டி, பிரிந்து, நெஞ்சு. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார். எந்த விரல் முதலில் என்று ஒரு இடத்தில் சந்தேகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அவள் நின்றதை நினைத்துப் பார்த்து மறுபடி செய்தேன்.

நேராகப் பேக்கரிக்குப் போனேன். அருமை மாவு மேடைக்கு முன்னால் நின்றிருந்தான். அவன் எதிரே போய் நின்றேன். என்ன என்று பார்த்தான். தையல் ஊசி குத்துவதுபோல் காட்டினேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. மாவிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

செய்து காட்டினேன்.

அவன் அசையவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு விரலைத் தூக்கினான். மறுபடி.

மறுபடி செய்தேன். இன்னொரு தடவை கேட்டான். செய்தேன். நான் சரியாகக் கொண்டுவந்திருக்கிறேனா, ஏதாவது விட்டுவிட்டேனா என்று பயமாக இருந்தது. அவன் கேட்காமலேயே நான்காவது முறை கையை நெற்றிக்குக் கொண்டுபோனேன்.

மேடையைச் சுற்றி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக் கீழே இறக்கினான். மாவு ஒட்டிய கைகள். நான் அசைக்க முடியாதபடி இறுக்கமாகப் பிடித்திருந்தான். முன்பக்கத்தில் யாரோ அரைக்கிலோ கேக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அவள் என்ன சொன்னாள் என்று அவன் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.